முடிய மறுத்த சொனாட்டா

மேடையில் ஒரு பியானோ. ஐந்தடி இரண்டரை அங்குல உயரமுள்ள ஓர் இளைஞர் வந்து உட்கார்கிறார். முகத்தில் பரீட்சை எழுத வந்தவரின் தீவிரம். வாசிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே சபையில் சிரிப்பு. காரணம், அவர் எடுத்துக்கொண்ட மெட்டு, பிரிட்டனில் தெருப்பையன்கள்கூட விசிலடிக்கும் ‘கர்னல் போகி’ அணிவகுப்பு மெட்டு. அதை அவர் வாசிப்பதோ பேத்தோவனின் பியானோ சொனாட்டா போல. அதே இடி, அதே குமுறல், திடீரென்று அதே கனிவு.

இதுவரை நல்ல மிமிக்ரிதான். இதற்குப் பிறகுதான் வேடிக்கை. உருப்படி முடியும் கட்டம் வருகிறது. முத்தாய்ப்பாக இரண்டு அடி அடித்து நிறுத்த வேண்டியதுதான் பாக்கி. அடிக்கிறார். ஆனால் கை நிற்கவில்லை. இன்னொரு சின்ன சங்கதி முளைக்கிறது. அதை முடிக்க மறுபடி இரண்டு அடி. அதன் வாலிலிருந்து இன்னொன்று. மங்களம் பாடிய பிறகும் மேடையை விட்டு இறங்காத வித்வானைப் போல, பியானோ அவரை விடமாட்டேன் என்கிறது. முகத்தில் முதலில் பெருமிதம், பிறகு சந்தேகம், பிறகு கலவரம், கடைசியில் ‘யாராவது காப்பாற்றுங்களேன்’ என்ற கெஞ்சல். வாய் திறந்து ஒரு சொல் இல்லை. சபை உருண்டு புரள்கிறது.

அவர் டட்லி மூர். பேத்தோவனின் முடிவுகள் எப்படி முடிய மறுக்கும் என்பது இசை படித்தவர்களுக்குத் தெரியும். ஐந்தாம் சிம்பொனியின் கடைசிப் பக்கங்களைக் கேட்டால் போதும். ஆனால் அதைக் கேட்டு ரயில்வே தொழிலாளியும் பேராசிரியரும் ஒரே நொடியில் சிரிக்க வேண்டுமென்றால், இலக்கணம் தெரிந்த கை வேண்டும், கோமாளியின் முகம் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம்.

இந்த மெட்டைப் பற்றி ஒரு கிளைக்கதை. 1914-ல் ரிக்கெட்ஸ் என்ற ராணுவ பேண்டு மாஸ்டர், கென்னத் ஆல்ஃபோர்ட் என்ற புனைபெயரில் எழுதியது இது. உலகம் முழுக்கப் பரவியது 1957-ல், ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தில் போர்க்கைதிகள் அதை விசிலடித்தபடி நடந்து வந்தபோது. தாய்லாந்துக் கதையான அந்தப் படத்தை எடுத்தது இலங்கையின் கித்துல்கலவில். அந்த விசில் காதில் ஓயாத நாட்களில்தான் மூர் அதை பேத்தோவனின் தலையில் கட்டினார்.

1935 ஏப்ரல் 19 அன்று லண்டனில் பிறந்து, நகரத்தின் கிழக்கே ஃபோர்டு கார் தொழிற்சாலை இருந்த டேகன்ஹாமில் வளர்ந்தவர். அப்பா ரயில்வேயில் எலக்ட்ரீஷியன். குழந்தை பிறக்கும்போதே இரண்டு பாதங்களும் உள்நோக்கித் திரும்பியிருந்தன. வலது கால் சரியாயிற்று. இடது கால் கடைசிவரை சூம்பி, குட்டையாகவே இருந்தது. பிள்ளைப் பருவத்தின் பெரும்பகுதி ஆஸ்பத்திரி வார்டுகளிலும் அறுவை சிகிச்சைகளிலும் கழிந்தது. பள்ளிக்கூடத்தில் கேலி. அடிக்க வருகிறவனைச் சிரிக்க வைத்துவிட்டால் அடி விழாது என்பதை அங்கேதான் கற்றார்.

இன்னொரு தப்பிக்கும் வழி இசை. ஆறு வயதில் பியானோ. பதினோரு வயதில் லண்டன் கில்டுஹால் இசைப்பள்ளியில் உதவித்தொகையோடு இடம். ஹார்ப்சிகார்டு, ஆர்கன், வயலின், இசையமைப்பு என்று எல்லாம் படித்தார். பிறகு ஆக்ஸ்போர்டில் மாட்லின் கல்லூரி. (எழுதுவது மேக்டலன், சொல்வது மாட்லின். அங்கே படித்தவர்களுக்கு அதில் ஒரு தனிக் கர்வம்.) அந்த இடம் கிடைத்தது ஆர்கன் உதவித்தொகையில். இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆர்கன் வாசிக்கக் கை மட்டும் போதாது. கீழே காலால் மிதிக்க இன்னொரு கட்டை வரிசை இருக்கிறது. சூம்பிய காலோடு ஒரு பையன் அந்த வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்து, அதை வைத்தே இங்கிலாந்தின் பழம்பெரும் கல்லூரி ஒன்றுக்குள் நுழைந்திருக்கிறான்.

தேவாலய இசையில் தேறியவருக்கு ஜாஸ் பித்துப் பிடித்தது எரோல் கார்னர், ஆஸ்கர் பீட்டர்சன் என்ற பியானோ கலைஞர்களால். பட்டம் வாங்கியதும் ஜான் டேங்க்வொர்த்தின் இசைக்குழுவில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது வந்தது எடின்பரோ அழைப்பு.

எடின்பரோவில் ஆண்டுதோறும் பெரிய கலைவிழா நடக்கும். அழைப்பில்லாத குழுக்களும் வந்து, கிடைத்த கூடங்களில் நாடகம் போடும். அந்த ஓரத்து நாடகங்களுக்குத்தான் ‘ஃபிரிஞ்ச்’ என்று பெயர். ராத்திரி நேரக் கேலி நாடகங்களுக்கு அங்கே கூட்டம் கூடுவதைப் பார்த்த அதிகாரபூர்வ விழாக்காரர்கள், நாமே ஒன்று போட்டால் என்ன என்று கிளம்பினார்கள். ஆக்ஸ்போர்டிலிருந்து இரண்டு பேர், கேம்பிரிட்ஜிலிருந்து இரண்டு பேர். ஆலன் பென்னட், டட்லி மூர், ஜொனாதன் மில்லர், பீட்டர் குக். பெயர், ‘பியாண்ட் தி ஃபிரிஞ்ச்’. 1960 ஆகஸ்ட் 22 அன்று லைசியம் தியேட்டரில் அரங்கேற்றம். அடுத்த ஆண்டு லண்டன் ஃபார்ச்சூன் தியேட்டர்.

அன்றைய பிரிட்டனில் நாடகப் பிரதியை அரண்மனை அதிகாரி ஒருவர் படித்து அனுமதித்தால்தான் மேடையேற்ற முடியும். 1968 வரை அதுதான் சட்டம். அந்தச் சூழலில் பதவியில் இருக்கும் பிரதமரையே குக் மேடையில் நடித்துக் காட்டினார். பிரிட்டிஷ் நையாண்டியின் புது யுகம் அங்கே தொடங்கியதாகப் புத்தகங்கள் சொல்லும். அந்தப் புத்தகங்கள் மூருக்கு ஒதுக்கும் இடம் சிறியது. மற்ற மூவரும் பேச்சுக்காரர்கள், இவர் இடையிடையே பியானோ வாசித்தவர் என்று கடந்துவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பிரதமரைப் பற்றிய நையாண்டியை இன்று ரசிக்க அடிக்குறிப்பு தேவைப்படுகிறது. அதே நிகழ்ச்சியில் மூர் வாசித்த ‘கர்னல் போகி’க்குத் தேவையில்லை.

1962 அக்டோபர் 27 அன்று நியூயார்க் பிராட்வேயில் முதல் காட்சி. கியூபா ஏவுகணை நெருக்கடியில் உலகம் அணுகுண்டுக்கு மிக அருகே போன சனிக்கிழமை அது. அணுகுண்டு விழுந்தால் பொதுமக்கள் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கும் கேலிக்காட்சி ஒன்றும் நிகழ்ச்சியில் இருந்தது.

அமெரிக்காவில் இருந்தபோது சேர்ந்த இன்னொரு காட்சி, குக் பதின்ம வயதில் எழுதியது. டார்ஜான் வேடத்துக்கு ஆள் தேர்வு நடக்கிறது. வருகிறவருக்கு ஒரு கால்தான். தேர்வாளராக குக். மனம் நோகக் கூடாது என்பதற்காக மகா நாகரிகமாக, சுற்றிச் சுற்றிப் பேசுகிறார்: உங்கள் வலது காலில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, டார்ஜானுக்கு ஏற்ற கால், ஆனால்… என்ற ரீதியில். விண்ணப்பதாரர் மூர், காட்சி முழுக்க ஒற்றைக் காலில் நொண்டியபடி, நம்பிக்கை ததும்பும் முகத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறார். நிஜத்திலேயே கால் ஊனமுள்ளவரை இப்படித் தத்த வைத்தது குரூரம் என்று இன்று ஒருவர் சொல்லலாம். பதிவைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. சிரிப்பெல்லாம் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் நெளிகிற அந்தக் கனவான் மீதுதான் விழுகிறது. ஒற்றைக்காலன் கம்பீரமாக நிற்கிறான்.

இந்த ஜோடியைத்தான் பிபிசி பிடித்துக்கொண்டது. உண்மையில் மூரின் பெயரில் திட்டமிட்ட நிகழ்ச்சி அது. குக் விருந்தாளியாக வந்தார், அப்படியே தங்கிவிட்டார். ‘நாட் ஒன்லி… பட் ஆல்ஸோ’ 1965 ஜனவரி 9 அன்று தொடங்கியது; முதல் நிகழ்ச்சிக்கு ஜான் லெனான் வந்திருந்தார். நிகழ்ச்சிதோறும் தட்டைத் தொப்பியும் மழைக்கோட்டும் மாட்டிக்கொண்டு, பீட், டட் என்ற இரண்டு சாமானியர்கள் உட்கார்ந்து உலக விஷயங்களைத் தப்புத் தப்பாக அலசுவார்கள். திண்ணைப் பேச்சுதான். பீட்டுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவார். டட்டுக்கு அதைவிடக் குறைவாகத் தெரியும், பீட் சொன்னால் நம்புவார். அந்தப் பேச்சு, அந்த உச்சரிப்பு, எல்லாம் மூர் வளர்ந்த டேகன்ஹாம் வாடை.

ஓவியக்கூடத்தில் இருவரும் சாண்ட்விச் தின்றபடி பேசும் காட்சி ஒன்று தப்பிப் பிழைத்திருக்கிறது. எழுதி வைத்ததை விட்டு குக் வேண்டுமென்றே தடம் மாறுகிறார். நோக்கம் ஒன்றுதான்: மூரைச் சிரிக்க வைத்துவிட வேண்டும். வாய் நிறைய ரொட்டியோடு மூர் உதட்டைக் கடிக்கிறார், முகத்தைத் திருப்புகிறார், தோள் குலுங்குகிறது, கடைசியில் உடைகிறார். நாடக இலக்கணப்படி இது குற்றம். நமக்கோ அதுதான் விருந்து. குக்கின் சொற்களுக்கு முதல் ரசிகர் மூர். அந்தச் சிரிப்பு பக்கத்தில் இல்லாதபோது குக்கின் மேதைமை பாதியாகிவிட்டது என்பது என் கட்சி. குக் பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

தப்பிப் பிழைத்திருக்கிறது என்று சொன்னேன். அந்தக் காலத்தில் வீடியோ டேப் விலை அதிகம். ஒளிபரப்பானதை அழித்துவிட்டு அதிலேயே அடுத்ததைப் பதிவு செய்வது பிபிசியின் வழக்கம். இந்த நிகழ்ச்சி அழிபடப்போகிறது என்று தெரிந்ததும், புது டேப்புக்கு நாங்கள் பணம் தருகிறோம், பழையதை எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று இருவரும் கேட்டுப்பார்த்தார்கள். கிடைக்கவில்லை. மூன்று தொடர்களில் பெரும்பகுதி போயே போய்விட்டது. மற்றதையெல்லாம் மன்னிக்கலாம். ஒரு பியானோ கலைஞர் நிகழ்ச்சிதோறும் தன் ஜாஸ் மூவர் குழுவோடு வாசித்ததையும் சேர்த்தல்லவா துடைத்திருக்கிறார்கள்!

குக்கோடு ‘பெடாஸில்டு’ படம் 1967-ல். நடித்ததோடு இசையும் மூர்தான். 1969-ல் லண்டன் மேடையில் உட்டி ஆலனின் ‘பிளே இட் அகெய்ன், சாம்’ நாடகத்தில் நாயகன். பிறகு குக்கோடு இருவர் நிகழ்ச்சியாக ஆஸ்திரேலியா, லண்டன், பிராட்வே. அமெரிக்கச் சுற்றுப்பயணம் நீண்டது. குக்கின் குடி வளர்ந்தது. அதோடு கூர்மையான நாக்கு மூரின் பக்கமே திரும்பியது. ‘டெரெக் அண்ட் கிளைவ்’ என்ற பெயரில் இருவரும் பதிவு செய்த ஆபாச ஒலித்தட்டுகளைக் கேட்டால், நகைச்சுவை எங்கே முடிந்து பகை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. குக் லண்டன் திரும்பினார். மூர் கலிபோர்னியாவில் தங்கினார்.

ஹாலிவுட் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளேக் எட்வர்ட்ஸின் ‘10’ படத்திலிருந்து நடிகர் ஜார்ஜ் சீகல் கடைசி நேரத்தில் விலக, அந்த இடம் மூருக்கு வந்தது. 1979-ல் படம் ஓடு ஓடு என்று ஓடியது. 1981-ல் ‘ஆர்தர்’: எந்நேரமும் போதையில் தள்ளாடும் கோடீஸ்வரன். ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. விருது கிடைக்கவில்லை; அந்தப் படத்தில் வேலைக்காரராக வந்த கில்குட்டுக்குத் துணை நடிகர் விருது கிடைத்தது. கட்டையான ஒரு மனிதரைப் பத்திரிகைகள் காதல் நாயகனாகக் கொண்டாடின. நான்கு திருமணங்கள்; நான்கும் நிலைக்கவில்லை. கலிபோர்னியாவின் வெனிஸ் கடற்கரையில் அவருக்குப் பங்கிருந்த உணவகத்தில் பியானோ முன் உட்கார்ந்து, சாப்பிட வந்தவர்களுக்காக வாசித்துக்கொண்டிருப்பார். 1988-ல் பழைய நண்பர் ஜொனாதன் மில்லர் லாஸ் ஏஞ்சலஸ் ஆபராவில் ‘மிக்காடோ’வை இயக்கியபோது கோ-கோ வேடம் கட்டினார். 1991-ல் நடத்துநர் ஜார்ஜ் ஷோல்டியோடு சேர்ந்து, ஆர்கெஸ்ட்ரா என்றால் என்ன என்று விளக்கும் தொலைக்காட்சித் தொடர். அதைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்: ஷோல்டி பக்கத்தில் அவர் நடிகராக உட்காரவில்லை. கட்டை தெரிந்தவராக உட்கார்ந்திருக்கிறார்.

1995 ஜனவரி 9 அன்று குக் இறந்தார். இருவரின் தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கி, தேதி பிசகாமல் முப்பது வருடம்.

அதே ஆண்டில் மூருக்கு வசனம் மறக்க ஆரம்பித்தது. பார்பரா ஸ்ட்ரைசாண்டின் ‘தி மிரர் ஹாஸ் டூ ஃபேசஸ்’ படத்திலிருந்து நீக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக யாரைப் போட்டார்கள் தெரியுமா? ஜார்ஜ் சீகலை. கதையில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. குடித்திருக்கிறார் என்றார்கள். ‘ஆர்தர்’ பார்த்த உலகம் வேறென்ன சொல்லும்? 1999 செப்டம்பரில்தான் நோயின் பெயர் வெளியே வந்தது: மூளையின் செல்கள் மெல்லச் சிதைந்து, பார்வை, சமநிலை, விழுங்குதல் என்று ஒவ்வொன்றாகப் பறிபோகும் பிஎஸ்பி. லட்சத்தில் சிலருக்கு வருவது, மருந்தில்லாதது. அவரிடமிருந்து அது முதலில் பறித்தவற்றில் விரல்களும் உண்டு. பக்கத்து அறையில் பியானோ காத்திருக்கிறது, வாசிக்க முடியவில்லை என்பதுதான் வலிக்கிறது என்ற பொருளில் அந்த ஆண்டு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார்.

கடைசி வருடங்களில் நியூ ஜெர்சியில், பியானோ கலைஞரான தோழி ரீனா ஃப்ரக்டரின் குடும்பத்தார் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிகளுக்கும் சிறைகளுக்கும் கலைஞர்களை அழைத்துப்போய்க் கச்சேரி நடத்தும் அமைப்பு ஒன்றை அவர்கள் நடத்திவந்தார்கள். மூர் அதன் தலைவராக இருந்தார். வார்டில் படுத்துக்கிடக்கும் பிள்ளைக்கு நேரம் எப்படி நகரும் என்று அவருக்குத் தெரியும். 2001 நவம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனைக்குச் சக்கர நாற்காலியில் போய் சிபிஇ பட்டம் வாங்கினார். பேச்சு அநேகமாக நின்றுபோயிருந்தது. 2002 மார்ச் 27 அன்று, அறுபத்தாறு வயதில் இறந்தார்.

‘கர்னல் போகி’ உருப்படியை இந்தக் கட்டுரைக்காக மறுபடி போட்டேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவுக்கு மேற்கத்திய இசை ஆகாது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். மூன்றாவது பொய்முடிவில் “முடிஞ்சிடுச்சா?” என்றார். ஐந்தாவதில் சிரிக்க ஆரம்பித்து, கரண்டியோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.