நாள்தோறும் சிறிது

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலாற் பெயர் பெற்றவை. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவை, 2019ஆம் ஆண்டில் ஏற்பட்ட பிரிவினைக்குப்பின் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் அடங்கியுள்ளன. இங்குப் பயிலும் மாணவர் பலர்க்கு அத்தொழில் வீட்டுச் செய்தியே ஆகும். தந்தை தோற்சாலையிலும், தாய் ‘ஷூ கம்பெனி’ என மக்கள் வழங்கும் காலணித் தொழிற்சாலையிலும் பணி புரிதல் உண்டு. ஆகலின், படித்தலையும் எழுதுதலையும் பற்றிக் கூறப் புகுந்த யான் அத்தொழிலினின்றே தொடங்குகின்றேன்.

மரப்பட்டை கொண்டு தோல் பதனிடும் பழைய முறையைக் கேளுங்கள். பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரையும் ஒட்டியுள்ள சதையையும் நீக்குவர். பின்னர் ஆவாரம்பட்டை ஊறிய சாற்றில் இடுவர். அங்ஙனம் இடுங்கால், முதலிலேயே கடுஞ்சாற்றில் இடுவதில்லை. முன்பே பயன்பட்டுத் துவர்ப்புக் குறைந்த பழஞ்சாற்றில் இட்டு, நாட்செல்லச் செல்லத் துவர்ப்பு மிக்க சாற்றிற்கு மாற்றுவர். எடுத்த எடுப்பில் கடுஞ்சாற்றில் இட்டால், தோலின் மேற்புறம் மட்டும் இறுகிவிடும். துவர்ப்பு உட்செல்லும் வழி அடைபடும். நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும். இக்காலத்தே குரோமிய உப்பினால் விரைவிற் பதனிடும் முறையே பெருவழக்காயிற்று. எனினும் பட்டையால் பதனிடுதல் அடியோடு மறைந்துவிடவில்லை.

நூல் பயிலுதலும் இத்தகையதே. பரிமேலழகர் உரையைத் தொடக்கத்திலேயே கையில் எடுக்கும் மாணவன் பத்துப் பக்கம் படித்து நூலை மூடிவிடுகின்றான். பின்னர்த் தனக்குத் தமிழ் வாராது என்று தானே தீர்ப்புக் கூறிக்கொள்கின்றான். இலக்கணமும் உரையும் கற்பித்தலையே தொழிலாகக் கொண்டிருந்த யானே இங்ஙனம் கூறுவது சிலர்க்கு வியப்பாகலாம். எளிய கதைநூலும் பயணநூலும் முதற்சாறு என்க. அவற்றை நாள்தோறும் அரைமணி நேரம் படித்தவன், சில திங்களில் கடிய நூலையும் அஞ்சாமல் தொடுவான். விலை கொடுத்து வாங்க இயலாதே எனக் கவல வேண்டா. 1948ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பயனாகக் கிளை நூலகங்கள் பல ஊர்களிலும் தோன்றின.

இப்பகுதியிலேயே இதற்குச் சான்றாக ஒருவர் வாழ்ந்தார். 1912ஆம் ஆண்டிற் பிறந்த டாக்டர் மு. வரதராசனார் திருப்பத்தூரிற் கல்வி பயின்று, அங்கேயே வட்ட அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தார். உடல்நலக் குறைவால் அப்பணியை விட நேர்ந்தது. ஓய்ந்திருந்த அக்காலத்தை வீணாக்காது முருகைய முதலியார் என்பாரிடம் தமிழ் கற்றார். தாமே பயின்று, 1935இல் வித்துவான் தேர்வில் முதன்மையாகத் தேறினார். பிறகு திருப்பத்தூரிற் பள்ளி ஆசிரியராகவும், சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பேராசிரியராகவும் பணியாற்றினார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1974இல் அவர் மறையும்போது எண்பதிற்கும் மேற்பட்ட நூல்களை எழுதியிருந்தார். வாலாசாப்பேட்டைச் சூழலில் அமைந்த ‘அகல் விளக்கு’ என்னும் புதினம் 1961இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது.

அவர் நூல்களுள் ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ என்பன கடித வடிவில் அமைந்தவை. எழுதத் தொடங்குவோர்க்கு இவ்வடிவம் பெரிதும் உதவும். என்ன எழுதுவது என்று திகைப்பவன் யாருக்கு எழுதுவது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டால், திகைப்பிற் பாதி நீங்கும்.

மற்றொரு வடிவம் நாட்குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாசியாயிருந்த ஆனந்தரங்கப்பிள்ளை, 1736 முதல் 1761 வரை தாம் கண்டனவற்றையும் கேட்டனவற்றையும் எழுதி வைத்தார். கப்பல் வந்ததும், சரக்கு விற்றதும், அரண்மனைப் பேச்சும், போர்ச் செய்தியும் அதில் உண்டு. புலமை காட்ட அவர் எழுதினாரல்லர். பேச்சுத் தமிழே பெரும்பாலும் விரவிக் கிடக்கும். ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னாட்டு வரலாறு எழுதுவோர் அக்குறிப்பை விலக்கி எழுத இயலாது. பிழையின்றி எழுத வந்தபின் எழுதலாம் எனக் காத்திருக்கும் மாணவர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

‘எம் ஊரில் எழுதத்தக்கது யாதுளது?’ என வினவலாம். பாலாறு இருக்கின்றதே! தோற்சாலைக் கழிவு நீர் இவ்வாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது பற்றிய வழக்கில், 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோறிட்ட தொழிலே குடிநீரையும் கெடுத்தது என்னும் இச்சிக்கலை நீதிமன்ற ஏடுகள் ஒருவகையாற் கூறும். உம் பாட்டி வேறுவகையாற் கூறுவார். எந்தக் கிணற்று நீர் இனித்தது, அது எப்போது உவர்த்தது, அதன்பின் நீருக்கு எவ்வளவு தொலைவு நடந்தனர் என்பன அவர் நினைவில் மட்டுமே உள்ளன. அவர்க்குப்பின் அவற்றைக் கூறுவார் இலர். நாளொன்றுக்கு ஒரு வினா வினவி, விடையை அரைப் பக்கம் எழுதுக. பாட்டி சொன்ன சொல்லை மாற்றாது எழுதுக. அச்சொல்லை இலக்கணச் சொல்லாக்க வேண்டா. நாளும் ஊரும் மேலே குறிக்கப்படல் வேண்டும். கேட்ட அன்றிரவே எழுதிவிடுதல் நன்று. மறுநாள் எழுதினால், கிணற்றின் பெயர் நினைவிருக்கும், அவர் சொன்ன சொல் நினைவிராது.