தாமான் தோட்டத்தில் யார் ஆசிரியர்?

தே தாரிக் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. நிதானமாகவே பேசலாம். நம் கூலாய்ப் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து காலி நிலத்தில் காய்கறி போடுகிறார்கள். அதை ஏன் சமூகத் தொண்டு என்கிறார்கள், பிள்ளைகளுக்கு அதில் என்ன படிப்பு இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கடைக்குப் போனால் ஒரு கட்டு கங்கோங் கிடைத்துவிடுகிறதே!

செடி வளர்ப்பவர்கள் சங்கமாகக் கூடினால் அது எங்கே போய் முடியும் என்பதற்குப் ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரிலேயே சான்று இருக்கிறது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை 1859-இல் தொடங்கியது வேளாண் தோட்டக்கலைச் சங்கம் என்ற அமைப்பு. அரசாங்கம் அதைப் பிறகுதான் ஏற்று நடத்தியது. லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து 1877-இல் 22 ரப்பர் நாற்றுகள் அங்கே வந்தன. 1888-இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் நாள்தோறும் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து பரப்பினார். அந்த மரத்தில் பால் வெட்டத்தான் நம் முன்னோர் பலர் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார்கள். கூலாய்த் தமிழரின் கதையில் ஒரு தோட்டச் சங்கத்துக்கும் பங்கு இருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் இப்போது வீடுகள். கூலாயின் பண்டார் இந்தாபுராவும், 2011-இல் அங்கே திறந்த ஜோகூர் பிரிமியம் அவுட்லெட்டும் செம்பனைத் தோட்டமாக இருந்த மண்ணில்தான் நிற்கின்றன. வீடு கட்டுகிறவர்கள் நிலத்தைச் சமப்படுத்தும்போது மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது இறுகிய செம்மண். புளிப்பு அதிகம், சத்துக் குறைவு. அதில் நேராக விதை போட்டுவிட்டு முளைக்கவில்லையே என்று வருந்திப் பயனில்லை. முதலில் சுண்ணாம்புத் தூள் கலந்து புளிப்பைக் குறைக்க வேண்டும். இங்கே கொட்டும் மழைக்கு வேர் அழுகாமல் இருக்கப் பாத்தியை உயர்த்திக் கட்ட வேண்டும். அதற்கும் மேலாக, மக்கிய உரம் வேண்டும்.

தோட்டக் குழு தெருவுக்குச் செய்கிற பெரிய உபகாரம் இந்த உரத்தில்தான் இருக்கிறது. திடக்கழிவுத் துறை 2012-இல் நடத்திய ஆய்வின்படி, மலேசிய வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு. ஜோகூரில் குப்பையைப் பிரித்துப் போடுவது 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயம். ஆனால் பிரிப்பது தாள், பிளாஸ்டிக், கண்ணாடி போன்றவற்றைத்தான். சோறும் காய்கறித் தோலும் மற்றக் குப்பையோடு கூடி, நம் மாவட்டத்திலேயே இருக்கிற சீலோங் குப்பை நிலத்துக்குப் போகின்றன. அங்கே காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவாகின்றன. அந்தத் தோலைத் தெருவிலேயே நிறுத்திக்கொள்ள ஒரு குழுவால் முடியும்.

முறை கடினமில்லை. ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை. இறைச்சி, மீன், எண்ணெய் சேர்க்கக் கூடாது; எலி வரும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. குவியல் போதிய அளவு பெரிதாக இருந்தால் நடுவே 55 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறும். ஒரு வெப்பமானியைச் செருகிப் பிள்ளைகளிடம் படிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வேலை செய்வதை எண்களாகப் பார்ப்பார்கள். நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை என்று பொருள். காய்ந்த இலையைப் போட்டுக் கிளறினால் அடங்கிவிடும். வாரம் ஒருமுறை கிளறி வந்தால் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்த உரம் கிடைக்கும்.

இன்னொரு பாடம் உயிரோடு சம்பந்தப்பட்டது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். பூந்தொட்டித் தட்டு, நீர்த் தொட்டி, மூலையில் கிடக்கும் வாளி எல்லாம் அதற்கு வீடுதான். வாரம் தவறாமல் கவிழ்த்துப் பார்க்காத தோட்டம் தாமானுக்கே ஆபத்து. அந்த வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் அவர்கள் தங்கள் வீட்டுத் தட்டையும் தாமே கவிழ்ப்பார்கள்.

இப்படிக் காலி நிலத்தில் பயிரிடுவது புதிதாக வந்ததும் அல்ல. விலைவாசி ஏறிய 1974-இல் துன் அப்துல் ரசாக் அரசாங்கம் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றியுள்ள வெற்று நிலத்தில் பயிரிடச் சொன்னது. அடுத்த ஆண்டு ருக்குன் தெத்தாங்கா வந்தது. இன்று பல தாமான்களில் கோத்தோங் ரோயோங் கூட்டிப் பாத்தி வெட்டுவது அந்த அக்கம்பக்கத்துச் சங்கம்தான். சிங்கப்பூரில் 2005-இல் தேசியப் பூங்காக் கழகம் குடியிருப்புத் தோட்டங்களுக்கென்று தனித் திட்டம் வகுத்தது. இப்போது அங்கே அத்தகைய தோட்டங்கள் ஆயிரக்கணக்கில்.

நிலத்தின் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். காலியாகக் கிடக்கிறது என்பதால் எந்த நிலமும் நம்முடையதாகிவிடாது. அது நகராண்மைக் கழகத்தின் திறந்தவெளியாக இருக்கலாம், மின்கம்பிக்கு அடியில் ஒதுக்கிய நிலமாக இருக்கலாம், அரசு நிலமாகவும் இருக்கலாம். யாருடையதோ அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அரசு நிலத்துக்குத் தரும் தற்காலிக உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-இல் முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் நாம் நட்ட முருங்கைக்கு அங்கே நிற்க உரிமை இல்லை. கோலாலம்பூரில் 2017-இல் தொடங்கிப் பேர் பெற்ற கெபுன்-கெபுன் பங்சாருக்கே 2021-இல் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்தது. அண்டை வீட்டார் புகாரும் அந்த விவகாரத்தில் இருந்தது. அதனால் முதல் பாத்திக்கு முன்பே எதிர்வீட்டுக் கதவைத் தட்டிப் பேசிவிடுவது நல்லது.

சரி, கற்றுக்கொடுப்பது யார்? விவசாய இலாகா அதிகாரியை அழைக்கலாம், அழைக்கவும் வேண்டும். ஆனால் கூலாய், செனாய், கெலாப்பா சாவிட் பக்கத்துத் தாமான்களில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பாட்டிமாரும் தாத்தாமாரும் இன்னும் இருக்கிறார்கள். பிரட்டு முடிந்து, வேலை முடிந்து, லயத்துக்குப் பின்னால் வெண்டையும் கத்தரியும் பயிற்றங்காயும் போட்டுக் குடும்பத்தைக் காத்த கைகள் அவர்களுடையவை. வெண்டையைச் செடியிலேயே முற்றிக் காயவிட்டு விதை எடுப்பார்கள். அசுவினிப் பூச்சிக்கு அடுப்புச் சாம்பல் தூவுவார்கள். கடையில் பொட்டலமாக வரும் வீரிய ஒட்டு விதையிலிருந்து மறுவிதை எடுத்தால் தாய்ச்செடி போல் வராது, நாட்டு விதையில் வரும். இந்த வேறுபாட்டைச் செடியைக் காட்டியே விளக்க அவர்களால் முடியும். தாமான் வீட்டில் மண் இல்லாமல் போனதால் அவர்களிடம் யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. நாம் பட்டறை நடத்தி, தாள் அச்சடித்துக் கொடுத்துக் கற்பிக்க முயலும் அறிவு, அடுத்த வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் தாமானில் குழு இருந்தால், அடுத்த சனிக்கிழமை காலையில் அப்படிப்பட்ட ஒருவரை நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை அவரைச் சுற்றி நிறுத்துங்கள். அவர் சொல்லும் கீரைப் பெயர்களையும் விதை எடுக்கும் விதத்தையும் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்த ஆண்டே செய்யுங்கள்.