வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளும் பள்ளிக்கு உரியவர்களே

கடந்த ரமலானில் வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மூர்ச் சகோதரர் ஒருவர், ஆப்பிரிக்காவில் உள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒரு தொகை அனுப்பியிருந்தார். கொடுத்தவரின் நிய்யத்தை மாற்ற நமக்கு உரிமை இல்லை. வெளிநாட்டுக்கு நிதி அனுப்பும் ஏற்பாடும் நம்மிடம் இல்லை. அவரிடமே கேட்டோம். "அப்படியானால் சேரம்பாடியில் உள்ள பிள்ளைகளுக்கே செலவிடுங்கள்" என்றார்.

நம் மஹல்லாவில் அப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? நிர்வாகக் கூட்டத்தில் இந்தக் கேள்வி வந்தபோது, "இரண்டு மூன்று பேர் இருக்கலாம்" என்றோம். பிறகு லைன் வீடுகளுக்கும் மேட்டு வீடுகளுக்கும் போய்ப் பார்த்தபோது கணக்கு ஒரு கை விரல்களில் அடங்கவில்லை. சில வீடுகளில், "அவன் உள்ளே தூங்குகிறான்" என்று சொல்லி வாசலிலேயே பேச்சை முடிக்கப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் இளைய பிள்ளையை ஏன் மறைக்கிறார்கள் என்பது நமக்கும் தெரியும். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் நாம்தானே.

காது கேளாத அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஆண்ட்ரூ ஃபாஸ்டர் என்ற கிறிஸ்தவ ஊழியர், 1957இல் கானா நாட்டில் காது கேளாதோருக்குப் பள்ளி தொடங்கப் போனார். "இங்கே அப்படிப்பட்ட பிள்ளைகளே இல்லை" என்று அவரிடம் சொன்னார்களாம். பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்தார்கள். ஆப்பிரிக்க நாடுகளில் அவர் தொடங்கிய பள்ளிகள் பிற்பாடு முப்பதைத் தாண்டின. நம் நாட்டிலேயே தென்காசி பக்கம் ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதன் பணியாளர்கள் இன்று கிராமங்களில் வீடு தேடிப் போய்ச் சின்னக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரட்டும் என்று அவர்கள் காத்திருப்பதில்லை.

நம் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நடக்க முடியாத ஒரு பெண்பிள்ளைக்குச் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தோம். ஜமாஅத் முன்னிலையில் கொடுத்துப் புகைப்படமும் எடுத்தோம். இப்போது போய்ப் பார்த்தால் அதன் மேல் துணி காய்கிறது. அந்த வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே மண்ணில் வெட்டிய படிகள். மழைக் காலத்தில் நாமே வழுக்கும் வழி அது. நாற்காலி வாங்குமுன் ஒருமுறை அந்தப் படியில் ஏறிப் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தாயிடம், "என்ன வேண்டும்?" என்று இந்த முறைதான் கேட்டோம். "காலையும் மாலையும் ஒரு ஆட்டோ. யானை நடமாட்டம் இருக்கிற நாளில் இவளைத் தூக்கிக்கொண்டு ஓட என்னால் முடியாது" என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளைச் சேர்த்திருக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது நம் விருப்பம். குறைபாட்டைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியிலோ அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ சேர்க்க மறுக்கக் கூடாது. பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வீட்டுவழிக் கல்வி உண்டு. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கு வருவார். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளும் உண்டு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தமிழக அரசு மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. இவை எல்லாவற்றுக்கும் முதல் வாசல் மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும்தான்.

நம் வீடுகள் அந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன. மருத்துவரைப் பார்க்க மலையிறங்கி ஏறுவதற்கே ஒரு நாள் போகிறது. கொழுந்து பறிக்கும் தாய்க்கு அது ஒரு நாள் கூலி. தேவையான மருத்துவர் அன்று இல்லையென்றால் இன்னொரு நாள் கூலி. மூன்றாவது முறை யாரும் போவதில்லை. ஆகவே அந்தச் சகோதரரின் தொகையைச் சான்று வாங்கப் போகும் வண்டிக் கட்டணம், அன்றைய கூலி இழப்பு, பள்ளிக்கான ஆட்டோ ஆகிய மூன்றுக்கும் ஒதுக்கியிருக்கிறோம். சிலர் கேட்டதால் ஒரு விளக்கம்: குறைபாடு இருப்பதால் மட்டும் ஒரு குடும்பம் ஜகாத்துக்கு உரியதாகிவிடாது. வறுமையும் இருக்க வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு உதவி தேவைப்பட்டால் ஸதகா நிதியிலிருந்து செய்வோம்.

மதரஸாவைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) கேட்டு வந்தது காசு அல்ல, கல்வி. அவர் பொருட்டே அபஸ அத்தியாயம் இறங்கியது. அவர் பாங்கு சொன்னார். நபிகள் நாயகம் (ஸல்) பயணம் போனபோது மதீனாவின் பொறுப்பையும் ஏற்றார். இதை உஸ்தாத்மார்கள் பயானில் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் நம் மதரஸாவின் மூன்று படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை போட இத்தனை ஆண்டுகளாக நமக்குத் தோன்றவில்லை. சிமெண்டும் மணலும் வந்து இறங்கிவிட்டன. பள்ளி விடுமுறையில் வேலை தொடங்கும், இன்ஷா அல்லாஹ்.

பிள்ளையின் ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், இதுவரை பார்த்த மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். பிள்ளையை அழைத்துவர முடியாவிட்டால் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்புங்கள். நாங்கள் ஏறி வருகிறோம். புகைப்படம் எடுக்க மாட்டோம்.