படகு வந்தால் பாதை நிற்கும்

நியூயார்க் நகரின் புரூக்ளினையும் குவீன்ஸையும் பிரித்துக்கொண்டு ஓடுகிறது நியூட்டவுன் க்ரீக் என்ற உப்பங்கழி. இக்கரையில் கிரீன்பாயிண்ட், அக்கரையில் லாங் ஐலண்ட் சிட்டி. இரண்டையும் இணைப்பது 1954இல் திறக்கப்பட்ட புலாஸ்கி பாலம். உயரமான படகு வந்தால் தடுப்புக் கட்டை இறங்கும். பாலம் நடுவில் பிளந்து, இரண்டு பாதியும் வானத்தைப் பார்த்து எழும். யாராக இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

அமெரிக்க விடுதலைப் போரில் உயிர்விட்ட போலந்து வீரர் காசிமிர் புலாஸ்கியின் பெயர் இது. போலந்து வம்சாவளியினர் நிறைந்த கிரீன்பாயிண்டுக்குப் பொருத்தமான பெயர்தான்.

அவ்வளவு கனமான தளம் எப்படி எழுகிறது? பாட்டன் காலத்துக் கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துப் பாரத்தை மறுபக்கத்துப் பாரம் தாங்கிக்கொள்ளும். அதனால் மோட்டாருக்குச் சிரமம் குறைவு. நம் கோலத் திரங்கானுவிலும் 2019 முதல் ஒரு தூக்குப் பாலம் இருக்கிறது. மாலையில் படம் எடுக்கப் போகும் கூட்டத்தைச் சொல்லி மாளாது.

ஆனால், புலாஸ்கி பாலத்தில் நடந்தபோது என் மனத்தில் நின்றது அதன் இயந்திரம் அல்ல, ஓரத்து நடைபாதை. பல காலம் அந்த ஒரே குறுகலான பாதையில்தான் நடப்பவர்களும் சைக்கிளில் வருபவர்களும் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு போனார்கள். பக்கத்திலேயே வாகனங்களுக்கு 6 தடங்கள்! வட்டார மக்கள் விடாமல் கேட்டார்கள். 2016இல் அவற்றில் ஒன்றை எடுத்துச் சைக்கிளுக்குக் கொடுத்தது மாநகர நிர்வாகம். தூக்குப் பாலத்தில் இது சின்ன வேலை இல்லை. கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு தடுப்பும் எடைக் கணக்கை மாற்றிவிடும்.

காலை நிகழ்ச்சியில் நான் வாசிக்கும் போக்குவரத்துத் தகவல் முழுக்கக் கார்களைப் பற்றியதுதான். எந்தச் சாலையில் நெரிசல், எங்கே விபத்து என்று சொல்வோம். பேருந்து நிறுத்தத்துக்கு மேம்பாலத்து ஓரமாக நடந்து போகும் அக்காவுக்கு அதில் ஒரு வரியும் கிடையாது. நம்மூரில் பாலம் கட்டும் பேச்சு வந்தாலும் முதலில் எத்தனை தடம் என்றுதான் கேட்கிறோம்.

நியூயார்க் மாரத்தானின் பாதித் தூரம், 21.1 கிலோமீட்டர், புலாஸ்கி பாலத்தில்தான் வருகிறது. அன்று பாலம் ஓடுபவர்களுக்கு. மற்ற நாட்களில் நடப்பவர்களுக்கும் அதில் ஓர் ஓரம் உண்டு. உங்கள் வட்டாரத்துப் பாலத்தில் அந்த ஓரம் எத்தனை அடி? அடுத்த முறை இறங்கி நடந்து பாருங்கள்.