வெந்நீர்க் கருவியின் காவலர்கள்

மார்கழிக் குளிருக்கு விறகையும் செப்பு அண்டாவையும் தேடிய காலம் செட்டிநாட்டிலும் மாறிவிட்டது. இன்று பல வீடுகளில் 'கேஸ் கீசர்' இடம் பெற்றுள்ளது. அது திடீரென்று வேலை செய்ய மறுத்தால் காரணம் காண்பது எப்படி? இதற்குப் பௌதிக வகுப்பில் படித்த பாடமே போதும்.

குழாயைத் திறந்ததும் நீரின் அழுத்தம் ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளுகிறது. சவ்வு ஒரு சிறு சுவிட்சை இயக்குகிறது. இரண்டு பேட்டரிகள் தரும் 3 வோல்ட் மின்சாரம் பொறியை உண்டாக்கி, மின்காந்த வால்வையும் திறக்கிறது. தீச்சுடர் மின்சாரத்தைச் சிறிதளவு கடத்தும். சுடரருகே உள்ள உலோகக் கம்பி அதை உணராவிட்டால், சில விநாடிகளில் வால்வு மூடிக்கொள்ளும். நீர் அளவுமீறிக் கொதித்தால் தெர்மோஸ்டாட் மின்சுற்றைத் துண்டிக்கும். ஆக, வாயுவுக்குக் காவலர் பலர்.

இனி, பழுதுகளைக் காண்போம். பொறியே வராவிட்டால் பேட்டரியையும் நீரழுத்தத்தையும் பார்க்க வேண்டும். 10 மீட்டர் உயரத் தொட்டிதான் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் தரும். தாழ்ந்த மாடித் தொட்டி போதாமற் போகலாம். பொறி வந்தும் தீ பற்றாவிட்டால், சிலிண்டர் தீர்ந்திருக்கலாம் அல்லது வால்வு திறவாதிருக்கலாம். திறக்கும்போது 'டக்' என்ற ஓசை கேட்கும். பற்றிய தீ உடனே அணைந்தால், உணர்கம்பியில் கரி படிந்திருக்கும். சில நிமிடங்கள் கழித்து அணைந்தால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். ஆறிய நிலையில் அதன் இரு முனைகளுக்கிடையே மின்தடை ஏறக்குறைய சுழியாக இருக்க வேண்டும். இல்லையேல் புதியது மாற்ற வேண்டும்.

எங்கள் வீட்டில் பழுது பார்க்க வந்த ஒருவர், அந்த இரு கம்பிகளையும் நேராக முறுக்கி இணைத்துவிட்டார். கருவி ஓடியது! ஆனால் காவலனைக் கட்டிப்போட்ட வீட்டில் கதவு திறந்திருப்பதை நாங்கள் பின்னரே உணர்ந்தோம். அந்த முறுக்கை அவிழ்த்துப் புதிய தெர்மோஸ்டாட் போட்ட பிறகே நிம்மதி வந்தது.

கருவியைத் தொடுமுன் ரெகுலேட்டரை மூடிப் பேட்டரியை எடுத்துவிட வேண்டும். கசிவைச் சோப்பு நீரால் சோதிக்கலாம். தீக்குச்சியால் ஒருபோதும் கூடாது. கசியும் வாயுவுக்கு வாடை சேர்த்திருக்கிறார்கள். ஆனால் காற்றோட்டமற்ற குளியலறையில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. அதை உணருமுன் மயக்கம் வந்துவிடும். எனவே கருவி குளியலறைக்கு வெளியே இருப்பதே நலம். வாயுக் கசிவெனில் 1906 என்ற எண்ணை அழைக்கலாம்.

நண்பர்களே, பழுதை நீக்குவது வேறு, காவலை நீக்குவது வேறு. இதை மறவாதிருப்போம்!