திறவாத செயலியிடம் காரணம் கேட்கும் முறை

தாய்மொழி வழங்கும் நிலத்துக்கு வெளியே வாழ்வோர்க்கு, வீட்டுக் கணினி ஒரு சிறு நூலகமும் ஆகும். சித்தூரிலோ திருப்பதியிலோ உள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் தட்டெழுதிய குடும்ப வரலாறும், பிள்ளைகளுக்கெனத் தொகுத்த தமிழ்ப் பாடங்களும் அக்கணினியில் மட்டுமே இருத்தல் கூடும். ஆதலின், அவற்றைத் திறக்கும் செயலி ஒருநாள் திறவாமற்போனால் செய்யத்தக்கது யாது என்பதை அறிந்திருத்தல் நலம்.

1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், இன்று உபுண்டு, மின்ட், டெபியன் எனப் பல வடிவங்களில் வழங்குகிறது. டெபியனை அடியாகக் கொண்டு சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் ஆக்கிய 'பாஸ்' என்பதும் அவற்றுள் ஒன்று. இவற்றில் செயலியின் படத்தை அழுத்தியபின், சுட்டி சிறிது சுழன்று, யாதொன்றும் தோன்றாமல் அடங்கிவிடுவதுண்டு. உடனே கணினியைக் கடைக்கு எடுத்துச் சென்று, "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவித் தாருங்கள்" என்போர் பலர். பூட்டுத் திறவாமைக்காக வீட்டை இடிப்பார் உண்டோ? செயலி வேறு, அதனால் எழுதப்பட்ட கோப்பு வேறு. செயலி பழுதுபட்டபோதும் கோப்புகள் பெரும்பாலும் நலமாகவே இருக்கும்.

செயலி உண்மையில் ஊமையன்று. படத்தை அழுத்தித் திறக்கும்போது, அது சொல்லும் காரணத்தைக் காட்டுதற்குரிய சாளரம் இல்லை, அவ்வளவே. டெர்மினல் என்னும் சாளரத்தில் அது பேசும். உபுண்டுவிலும் மின்ட்டிலும் கண்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் தோன்றும். அதில் செயலியின் பெயரை, எடுத்துக்காட்டாக லிபர்ஆபீஸ் என்பதை, ஆங்கிலச் சிற்றெழுத்துக்களில் இடைவெளியின்றித் தட்டி, என்டர் விசையை அழுத்துக. வரும் வரிகளுட் பல வெறும் எச்சரிக்கைகள். 'எர்ரர்' என்னும் சொல்லுடைய வரியே முதலில் நோக்கத்தக்கது.

அவ்வரி, 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்றால் வட்டில் இடமில்லை என்பது பொருள். டி, எஃப் என்னும் எழுத்துக்களைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் எச் எழுத்தும் சேர்த்துத் தட்டினால், எப்பகுதி 100 விழுக்காடு நிரம்பியுள்ளது என்பது தெரியும். குப்பைத்தொட்டியை வெறுமையாக்குவது முதல் மருந்து. 'ஷேர்டு லைப்ரரீஸ்' என்று வந்தால், செயலிக்குத் துணையான ஒரு நூலகக் கோப்பு காணவில்லை. அச்செயலியை மட்டும் நீக்கி மீண்டும் நிறுவினால் பெரும்பாலும் போதும். 'பெர்மிஷன் டினைடு' என்றால் உரிமைக் குறை. முன்பு எப்போதேனும் நிர்வாகி அதிகாரத்தோடு அச்செயலியைத் திறந்திருந்தால், அமைப்புக் கோப்புகள் நிர்வாகிக்கு உரியனவாக மாறி, நமக்கு இடந்தாரா. ஆகவே எழுதும் செயலிகளை அவ்வாறு திறத்தல் ஆகாது.

காரணம் விளங்காவிடில், கணினியில் புதிய பயனர் கணக்கொன்றை உண்டாக்கி, அதில் செயலியைத் திறந்து பார்க்கலாம். அங்கே திறந்தால், பழுது செயலியில் அன்று, நம் கணக்கிலுள்ள அமைப்புகளில் என்பது தெளிவு. லிபர்ஆபீஸின் அமைப்புகள் பொதுவாக நம் முகப்புக் கோப்புறையில், 'கான்ஃபிக்' என்னும் மறைந்த கோப்புறைக்குள் உள்ளன. கண்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் மறைந்தவை தோன்றும். செயலியின் பெயருடைய கோப்புறையை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுக. மறுமுறை திறக்கும்போது புதியது தானே உண்டாகும். நாம் சேர்த்த அகராதிச் சொற்களும் படிவங்களும் பழைய கோப்புறையில் இருக்குமாதலால், அதனைப் போற்றி வைத்தல் வேண்டும்.

இவ்வளவும் செய்து பயனில்லையேல் வல்லாரை நாடுவதே முறை. சித்தூரில் கணினியின் வரி ஆங்கிலம், பழுதுபார்ப்பவர் மொழி தெலுங்கு, நம் மொழி தமிழ் என மூன்று மொழிகள் கூடும். ஆதலின் பிழைவரியை மொழிபெயர்க்காது, ஓரெழுத்தும் பிறழாமல் தாளில் எழுதிக் கொடுத்தல் நன்று. அதனினும் முந்திச் செய்யத்தக்கது, கோப்புகளைப் பென்டிரைவில் படியெடுத்தல். கணினியே தொடங்காதபோதும், மற்றொரு பென்டிரைவில் இட்ட லினக்ஸைக் கொண்டு, நிறுவாமலே தொடங்கி, படியெடுக்க இயலும். வட்டு பழுதின்றி இருப்பதும், பூட்டியிருந்தால் அதன் கடவுச்சொல்லை நாம் அறிந்திருப்பதும் வேண்டும்.

செயலியை நூறு முறை நிறுவலாம். முன்னோர் சொல்லி எழுதிய பக்கம் அழிந்தால் மீண்டும் சொல்ல அவர் இல்லாமற்போகலாம். எனவே முதலிற் படி, அடுத்துக் காரணம், இறுதியிலேயே மாற்றம் என்னும் முறையை நாம் கைக்கொள்வோமாக.