ஓவன் இல்லாத வீட்டிலும் தீபாவளிப் பழக் கேக்

தீபாவளித் தட்டில் முறுக்கு, நெய்யுருண்டைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு கேக்கும் இருப்பது நம் நாட்டுத் தமிழர் வீடுகளில் ஊறிப்போன வழக்கம். ஓவன் இல்லாத வீட்டுக்கு அது கடைச் செலவாகிவிடுகிறது. மலாய்க்காரர்கள் 'கெக் புவா குகுஸ்' என்று சொல்லும் ஆவியில் வேகும் பழக் கேக்குக்கு ஓவனே வேண்டாம். பெரிய இட்லிப் பானை போதும்.

கொதிக்கும் நீரின் ஆவி 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கேக்கின் மேற்புறம் சிவப்பதற்கு அதைவிட அதிகமான வறண்ட சூடு வேண்டும். அதனால் சாதாரண வெண்ணெய்க் கேக்கை ஆவியில் வைத்தால் வெந்துவிடும், ஆனால் வெளிறிப்போய்த்தான் இருக்கும். பழக் கேக்கில் அந்தக் குறையைத் தீர்ப்பது கருக்கிய சீனி. நிறம், மணம் இரண்டும் அதிலிருந்தே வருகின்றன.

8 அங்குல அச்சுக்கு சீனி 1 கப், கொதிநீர் 1 கப், வெண்ணெய் 250 கிராம், டின் பால் அரை டின், கலவை உலர்பழம் 500 கிராம், முட்டை 5, கோதுமை மாவு 2 கப், சமையல் சோடா 1 தேக்கரண்டி. வெண்ணெய் விலை கட்டுப்படியாகாவிட்டால் மார்ஜரின் போடலாம். சீனியின் மணம் தூக்கலாக இருப்பதால் பெரிய வித்தியாசம் தெரியாது.

சீனியைத் தண்ணீர் விடாமல் தடித்த சட்டியில் உருக்க வேண்டும். தேன் நிறத்தில் நிறுத்தினால் கேக் வெளுக்கும். புகைய விட்டால் கசக்கும். கடுந்தே ஓ நிறம் வந்ததும் அடுப்பை அணைத்து, கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். உருகிய சீனியின் சூடு 160 டிகிரிக்கும் மேல். நீர் பட்டதும் சீறித் தெறிக்கும் என்பதால் அந்நேரம் பிள்ளைகள் அடுப்படியில் இருக்கக்கூடாது. சீனி கட்டிதட்டினால் பயமில்லை, மீண்டும் சூடாக்கினால் கரைந்துவிடும்.

அதில் வெண்ணெய், பழம், டின் பால் சேர்த்துச் சில நிமிடம் கொதிக்கவிட்டு இறக்க வேண்டும். பலருடைய கேக் கெடுவது இதற்குப் பிறகுதான். கலவை நன்றாக ஆறும்வரை காத்திருக்கப் பொறுமை இருப்பதில்லை. சூட்டில் ஊற்றிய முட்டை திரண்டுவிடும். சோடாவும் மாவு அடுப்பேறும் முன்பே பொங்கி அடங்கிவிடும். ஆறிய பிறகே அடித்த முட்டையையும், சோடா சேர்த்துச் சலித்த மாவையும் கலக்க வேண்டும்.

அச்சைப் படலத்தாளால் இறுக மூடி, பானை மூடிக்கும் துணி கட்டினால் நீர் சொட்டிக் கேக்கில் குழி விழாது. இரண்டரை முதல் 3 மணி நேரம் வேக வேண்டும். இடையில் நீர் வற்றினால் கொதிநீரைத்தான் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அடங்கி, கேக் நடுவில் அமுங்கிவிடும்.

மறுநாள் வெட்டினால் துண்டு உதிராது. ஈரம் நிறைந்த கேக் என்பதால் நம் வெயிலுக்குக் குளிர்பெட்டியில் வைப்பதே நல்லது. மேலை நாட்டு முறையில் பழங்களை ரம்மில் ஊறவைப்பார்கள். திறந்த இல்ல உபசரிப்புக்கு முஸ்லிம் அண்டை வீட்டாரும் வருவதால் இங்கே ஆரஞ்சுச் சாறே பொருத்தம். சைவ விருந்தினர் தட்டை நீட்டும்போது, முட்டை சேர்த்த கேக் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.